ரெண்டே கால் மணி நேரம்

"ஏறுனது எத்தினி மணி? எறங்குனது எத்தினி மணி?"

புதுவாயல் கூட்டுச்சாலையில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களின் பைகளைத்தான் செங்கம்மாள் முதலில் பார்ப்பார். ஊருக்குப் போய்த் திரும்பும் வடநாட்டுத் தொழிலாளி ஒருவரின் பைக் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய வெள்ளைக் காகிதப் பட்டை தெரிந்துவிட்டால் போதும், நண்டின் காலை ஒடித்துக்கொண்டிருக்கும் கை அப்படியே நிற்கும். அன்றைக்கு மாட்டியவர் அசாம்காரர். கௌஹாத்தியிலிருந்து வந்திருந்தார். இங்கே ஆறு வருடமாக வேலை பார்ப்பதால் தமிழ் ஓரளவு வரும்.

"மூணு மணி நேரம், அக்கா."

"மூணா? போன வாரம் ஒருத்தன் ரெண்டே முக்கால்ன்னான். அதே ஊருதான். நீ கால் மணி நேரம் எங்க இருந்த?"

அவர் சிரித்துக்கொண்டே ஷேர் ஆட்டோவைப் பார்த்து நடந்துவிட்டார். செங்கம்மாள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பாத்தியா மேடம், பதில் சொல்லாம போறான்."

வயது நாற்பத்து நான்கு. மேம்பாலத்துக்குக் கீழே, பரோட்டா கடையின் பக்கச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் உட்காருவார். வெயில் அடித்தாலும் இடம் மாற மாட்டார். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் அவருக்கு வேலை ஓடாது. முன்னால் இரண்டு அலுமினியத் தட்டுகள். ஒன்றில் இறால், மற்றதில் நண்டோ மடவை மீனோ, பழவேற்காடு ஏரி அன்றைக்கு என்ன கொடுத்ததோ அது. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பொன்னேரி வழியாக இரண்டு பஸ் மாறி மதியம் மூன்று மணிக்கு வருவார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் நேரம் அது. ஏழு மணிக்குள் தட்டைக் கவிழ்த்துவிடுவார்.

எதையும் நம்ப மாட்டார். பஸ் நிலையத்தில் எழுதிப் போட்டிருக்கும் நேரத்தை நம்ப மாட்டார். "அஞ்சு நிமிசத்துல வரேன்" என்று சொல்லிப் போகும் வாடிக்கையாளரை நம்ப மாட்டார். முதல் தடவை நான் ஒரு கிலோ நண்டு கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊட்ல ஆரு இருக்காங்க? நீ ஒண்டியாத்தான இருக்க? ஒரு கிலோ இன்னாத்துக்கு?" பதிலுக்கு அரைக் கிலோதான் கொடுத்தார். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. நல்லதாகத் தெரியும் பொருளிலும் கீறல் தேடுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். செங்கம்மாள் அதையே சம்பளம் இல்லாமல் செய்கிறார். அதனாலோ என்னவோ எங்களுக்கு ஒத்துப்போனது.

விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் பாட்னாவிலிருந்து மீனம்பாக்கத்துக்கு எவ்வளவு நேரம், புவனேஸ்வரத்திலிருந்து எவ்வளவு, கொல்கத்தாவிலிருந்து எவ்வளவு என்று கேளுங்கள். கால் மணி பிசகாமல் சொல்வார். வயிறு எரிந்து கற்றுக்கொண்டது.

இரண்டரை வருடம் முன்பு, மழைக்காலம் முடிந்த கையோடு, அவர் கணவர் திருமலை அந்தமானுக்குப் போனார். அங்கே பெரிய விசைப்படகில் ஆழ்கடல் வேலை என்றார். எட்டு நாள் கடல், இரண்டு நாள் கரை. கரைக்கு வரும் நாட்களில் போன் செய்வார். ஏரிக்கரையில் உள்ள அந்தக் குப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் ஆள் அவர். போனவர் ஒரு வருடம் கழித்து, மறு பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தார். காலை ஒன்பதரைக்கு வீட்டு வாசலில் நின்றார். விமானத்தில் வந்தேன் என்றதும் குப்பமே கூடிவிட்டது.

"ஏழு மணிக்கு அங்க ஏறுனேன். ஏழரைக்கு மீனம்பாக்கம். ஏறுனா எறங்கறதுதான், சீட்டு சூடாவறதுக்குள்ள வந்துருது. கூட வந்தவங்க கார்ல ஏத்தினு வந்தாங்க. ரெண்டு மணி நேரம் ரோட்டுலதான் போச்சி" என்று திருமலை சொன்னார். மேகம் சோப்பு நுரை மாதிரி இருக்கும் என்றும், உள்ளே எல்லாருக்கும் தலையணை தருவார்கள் என்றும் சொன்னார். மீனம்பாக்கத்திலிருந்து குப்பத்துக்கு வர எத்தனை நேரமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் தப்பு இல்லை. மீதியைச் சரிபார்க்க அங்கே ஆளில்லை. செங்கம்மாளும் அன்றைக்கு நம்பினார். இப்போதும் அதை நினைத்தால் தன் மீதுதான் கோபம் வருகிறது அவருக்கு.

அந்தச் சித்திரையில் நான் வேலை விஷயமாகக் கொல்கத்தா போய் வந்தேன். வந்த மறுநாள் இறால் வாங்கப் போனபோது எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து இரண்டு மணி இருபது நிமிடம் என்றேன்.

"அந்தமானு அத்தவுட கிட்டக்கவா, தூரமா?"

"கிட்டத்தட்ட அதே தூரந்தாங்க்கா."

கத்தியைக் கீழே வைத்தார். "போன்ல பாரு."

பார்த்தேன். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் வான்வழியாகச் சுமார் ஆயிரத்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர். பயண நேரம் ஏறக்குறைய இரண்டே கால் மணி. படித்துக் காட்டினேன். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கடல்தான் என்றேன்.

"எங்க போட்டு முகத்துவாரம் போயி சேரவே முக்கா மணி ஆவுது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டரு கடல அரை மணியில தாண்டுமா? கேக்கறவ கேணச்சியா இருந்தா தாண்டும்."

அப்போதுதான் திருமலை சொன்ன கதையை என்னிடம் சொன்னார். சொல்லும்போதே விரல் விட்டுக் கணக்குப் போட்டார். ஏழு மணிக்கு ஏறினால் ஒன்பதே காலுக்குத்தான் மீனம்பாக்கம். அதற்குமேல் ரோட்டில் இரண்டு மணி. பதினொன்றே கால் ஆகும். அவர் ஒன்பதரைக்கே வாசலில் நின்றார்.

"அப்ப மொத நாளே வந்துகிறான். ராத்திரி எங்க தங்குனான்?"

போனைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் படித்து ஒரு குடும்பத்தில் கல்லைப் போட்டுவிட்டேனோ என்று பயந்தேன். சில நாள் காற்று சாதகமாக இருந்தால் விமானம் சீக்கிரம் வந்துவிடும், அவர் நேரத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம், தூக்கக் கலக்கத்தில் மணியைத் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று அடுக்கினேன். செங்கம்மாள் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு அவனுக்கு வக்காலத்து வாங்கற? அவன உனக்கு முன்னாடியே தெரியுமா?"

என் போனையும் அவர் நம்பவில்லை. பைகளில் வெள்ளைப் பட்டை பார்த்து ஆள் பிடித்துக் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய கட்டட வேலைக்கு மேற்பார்வை பார்க்கும் பாக்கியநாதன் என்பவர் வாரம் ஒருமுறை மீன் வாங்க வருவார். அவருக்குப் போர்ட் பிளேரில் தங்கை இருக்கிறாள். அவர் வாயால் "ரெண்டே கால், மிஞ்சிப்போனா ரெண்டரை" என்று வந்த பிறகுதான் செங்கம்மாள் கணக்கை முடித்தார்.

கணவரிடம் கேட்கவில்லை. "கேட்டா உசாராயிடுவான்" என்றார். போன் வரும்போது எப்போதும்போல் பேசினார். மகள் நர்மதா பொன்னேரியில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் அவர் தட்டில் கை வைத்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் திட்டு வாங்கினார்கள். ஒருநாள் இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவ எப்புடி இருப்பான்னு யோசிச்சி யோசிச்சி, எனக்கு அவ மூஞ்சே தெரிய ஆரம்பிச்சிருச்சி மேடம். குண்டா இருக்கா."

ஆடித் திருவிழாவுக்குத் திருமலை மறுபடி வந்தார். அதே ஏழு மணி விமானம், அதே ஒன்பதரை. பையில் பட்டை இல்லை. கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தேன் என்றார். செங்கம்மாள் சட்டைப் பைகளைத் துழாவினார், ஒன்றும் இல்லை. சட்டையை மோந்து பார்த்தார், பூ வாசம் இல்லை, பவுடர் வாசம் இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுத் திருமலை பாயில் அசந்து தூங்கினார். அப்போதுதான் செங்கம்மாள் அவர் காலைப் பார்த்தார்.

படகில் நிற்கிறவன் செருப்புப் போட மாட்டான். வெயிலும் உப்பும் பட்டுப் பாதம் கருத்து, விரல் விரிந்துதான் இருக்கும். இருபத்து மூன்று வருடமாகப் பார்த்த அந்தக் கால் கணுக்காலுக்குக் கீழே வெளுத்துக் கிடந்தது. ஒரு கோடு போட்ட மாதிரி, மேலே கறுப்பு, கீழே வெளுப்பு. குதிகாலில் புதிதாக ஒரு காய்ப்பு. அந்த மாதிரிக் காலைச் செங்கம்மாள் தினமும் பார்க்கிறார். புதுவாயல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கனமான கம்பெனி ஷூவைக் கழற்றி விரலை நீட்டி மடக்கும் ஆட்கள் எல்லாருக்கும் அந்தக் கால்தான்.

இங்கே குப்பத்தின் கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த வீட்டுக்கு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடும் முறை என்பதை அமாவாசைதோறும் ஊர் கூடித் தீர்மானிக்கும். அதற்குப் பாடு என்று பெயர். வேறு ஊருக்குக் கடல் தொழிலுக்குப் போனவனின் பாடு அவன் வீட்டுக்கு உண்டு. திருமலையின் பாட்டை அவர் தம்பி குணா போட்டு, பிடித்ததில் பாதியைச் செங்கம்மாள் தட்டில் கொட்டுவார். ஆனால் கம்பெனி வேலைக்குப் போனவனுக்குப் பாடு இல்லை. ஐந்து வருடம் முன்பு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று இந்த விதியைக் கொண்டுவந்தவர் திருமலையேதான். "வலைய வுட்டுட்டு பேட்ஜ் மாட்டிக்கினவனுக்கு ஏரியில இன்னா வேல?" என்று அவர் கேட்டதை இன்னும் சொல்கிறார்கள். முதலில் பாடு இழந்தவர் லோகு. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனார் என்பதுதான் அவர் குற்றம். கைப்பிள்ளையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூரில் வாடகைக்குக் குடியேறினார். அதன்பிறகு குப்பத்துக்குள் கால் வைக்கவில்லை.

திருவிழா முடிந்து திருமலை "அந்தமானுக்கு"க் கிளம்பிப் போன மறுநாள், செங்கம்மாள் கடை போடாமல் மீஞ்சூருக்கு ரயில் ஏறினார். கம்பெனி வேலை பற்றிக் கேட்க அவருக்குத் தெரிந்த ஆள் லோகு ஒருவர்தான். லோகுவின் மனைவி சின்னப்பொண்ணு கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். செங்கம்மாள் வாங்கவில்லை. இத்தனை நடந்த பிறகு இவள் எதற்கு எனக்குத் தண்ணீர் தருகிறாள் என்று தோன்றியதாம்.

"லோகு, நேராவே கேக்கறேன். எங்கூட்டுக்காரு உன்னாண்டதான் இருக்காரா?"

லோகு சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்தார். "எப்புடிக்கா கண்டுபுடிச்ச?"

"கேட்டதுக்கு பதில் சொல்லு."

"என்னாண்ட இல்ல. அத்திப்பட்டுல ரூம் எடுத்துனு இருக்காரு. என் காண்ட்ராக்டுலதான் வேல."

"ஆரு சேத்து வுட்டது?"

"நாந்தான்."

செங்கம்மாள் அதை நம்பவில்லை. யாருடைய பாட்டைப் பறித்தாரோ அந்த ஆளே வேலை வாங்கிக் கொடுத்தான் என்றால் அதில் ஏதோ சூது இருக்க வேண்டும். முகத்துக்கு நேராகவே அதைச் சொன்னார். லோகு கோபப்படவில்லை.

"நானா கூப்புடல. அவரா வந்தாரு. தோ, அந்த வாசல்ல நின்னுகினு, வல போட்டா வெறும் பாசிதான் வருது, நர்மதா படிப்ப நிறுத்தற மாதிரி இருக்குதுன்னு சொன்னாரு. எனக்கு ஒரு பக்கம் குஷியாத்தான் இருந்துது, இல்லன்னு சொல்லல. மொத மாசம் என்ன சார்னுதான் கூப்புடணும்னு சொல்லிட்டேன். கூப்புட்டாரு. ஒவ்வொரு தபா அவரு சார்ங்கும்போதும் எனக்கே பேஜாரா போச்சி. அப்பறம் வுட்டுட்டேன்."

"அந்தமானு ஆரு சொல்லிக் குடுத்தது?"

"அது அவரோடதுதான். ப்ளேனு அரை மணின்னு ஊர்ல சொல்லிட்டு வந்தாராம். நான் சிரிச்சேன்."

சின்னப்பொண்ணு இன்னும் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். செங்கம்மாள் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார்.

அங்கிருந்து நேராக அத்திப்பட்டு. மதியம் ஒன்றரைக்கு முன்பே அனல்மின் நிலைய வாசலுக்கு எதிரில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரே சாம்பல் நிறம். திருமலை அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரை ஒதுக்கிக்கொண்டு போனார்கள்.

"எப்ப வந்த?" என்றார் கடைசியில்.

"இப்பதான்."

"எதுல வந்த?"

"ப்ளேன்ல" என்றார் செங்கம்மாள். "ரூம காட்டு."

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. நான்கு பேர் தங்குவது. செங்கம்மாள் அங்கே செய்ததைத் திருமலையே பிறகு என்னிடம் சொன்னார். கொடியில் தொங்கிய ஒவ்வொரு துணியையும் எடுத்து விரித்துப் பார்த்தாராம். பாய்களை எண்ணினாராம். கண்ணாடிக்குப் பின்னால் கை விட்டுப் பொட்டு ஒட்டியிருக்கிறதா என்று தடவினாராம். அடுப்பில் இருந்த குழம்பை ஒரு சொட்டு நக்கிப் பார்த்து, ஆம்பளை வைத்ததுதான் என்று உறுதி செய்துகொண்டாராம். அதற்குப்பிறகு சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது அப்போதுதான்.

"ஒரு பொம்பள இருந்துருந்தா அவ மயிரப் புடிச்சி இழுத்துட்டு வந்துருப்பேன். இதுக்கு நான் இன்னா பண்ணுவேன்" என்று கேட்டாராம்.

"உன்னாண்ட சொல்லிருக்கணும்" என்றார் திருமலை.

"என்னாண்ட மட்டுமா? லோகு போனப்ப நானுந்தான் பின்னாடி நின்னுகினு சரின்னேன். அவன் கொழந்தைக்கு அப்ப ஒண்ணர வயசு."

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"அம்மாவாசக் கூட்டம் வருதுல்ல. வந்து உன் வாயால சொல்லு."

"சொன்னா பாடு போயிரும்டி."

"போவட்டும். மூணு மாசமா எனக்கு சோறு எறங்கல."

திருமலை வருவார் என்று அவர் நம்பவில்லை. அமாவாசை வரை ஒவ்வொரு நாளும் என்னிடம், "வருவானா மேடம்? வர மாட்டான். உடம்பு சரியில்லன்னு போன் வரும் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குணாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, அவர் திட்டியதையும் வாங்கிக்கொண்டார்.

திருமலை வந்தார். அமாவாசையன்று ஏரிக்கு யாரும் போக மாட்டார்கள். கோயில் எதிரில் பகலிலேயே கூட்டம் கூடியது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் வேலி ஓரம் நின்றார்கள். ஊர்த்தலைவர் சந்திரமோகன் முறைப் பட்டியலைப் படிக்கத் தொடங்கும்போது திருமலை எழுந்தார்.

"நானு அந்தமானு போவல. அத்திப்பட்டுல கம்பெனி வேல செய்யறேன். ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. நான் போட்ட ரூல்தான். லோகுவுக்கு இன்னா பண்ணீங்களோ அத்த எனக்கும் பண்ணுங்க. அதுக்கு முந்தி லோகு பாட்ட அவனாண்ட குடுத்துருங்க."

திட்டு விழும் என்று செங்கம்மாள் காத்திருந்தார். பின் வரிசையிலிருந்து வயதான ஒருவர்தான் முதலில் கேட்டார்.

"அப்ப நீ ப்ளேன்ல ஏறவே இல்லியா?"

"இல்ல, சித்தப்பா."

"தலகாணி?"

திருமலை தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு பலர். சிரிப்பு அடங்கிய பிறகுதான் சண்டை வந்தது. மூன்று மணி நேரம் நடந்தது. ஊரை ஏமாற்றியவனுக்கு எதற்கு மரியாதை என்று சிலர் எழுந்தார்கள். ஏரியை மட்டும் நம்பினால் நாளைக்கு எல்லாரும் அத்திப்பட்டு வாசலில்தான் நிற்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். கடைசியில், இத்தனை வருடம் இழந்தது போதும் என்று லோகுவின் பாடு மட்டும் விதிவிலக்காகத் திரும்பக் கிடைத்தது. திருமலையின் பாடு மூன்று வருடத்துக்கு நிறுத்தப்பட்டது. விதியை மாற்றலாமா என்ற பேச்சு எடுபடவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. லோகு மறுபடி குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் வேலைக்குப் போவதால், அவர் பாட்டை மச்சான்தான் போடுகிறார். செங்கம்மாளுக்கு இப்போது சொந்த இறால் இல்லை. விடிந்ததும் ஏரிக்கரையில் சின்னப்பொண்ணுவிடம் போய் வாங்கி வருகிறார். அவள் கொட்டும் இறாலை இரண்டு தடவை கிளறிப் பார்க்காமல் எடுப்பதில்லை. "பழச மனசுல வெச்சினு அடியில கெட்டுப்போனத போட்டுட்டான்னா?" என்று கேட்கிறார். சின்னப்பொண்ணு அவர் கிளறி முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு ஒரு கை இறால் கூடப் போடுவாள். அதையும் செங்கம்மாள் கிளறிப் பார்ப்பார்.

திருமலை வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வருகிறார். கால் இன்னும் வெளுப்புதான். இரண்டு மணி ஷிப்ட் முடிந்து, ரயில் பிடித்து, பொன்னேரியில் பஸ் மாறினால் நாலரைக்குள் வீடு. வீடு சேர்ந்ததும் கடையில் இருக்கும் செங்கம்மாளுக்குப் போன் போட வேண்டும். நாலே முக்கால் ஆனால் எங்கே நின்றாய் என்ற கேள்வி வரும். லெவல் கிராசிங்கில் பஸ் நின்றது என்றால் எந்த லெவல் கிராசிங் என்று வரும். அவர் அலுத்துக்கொள்வதில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார். ஒருமுறை புதுவாயலுக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "அவ கேக்கறது எனக்கு நிம்மதியா கீதுங்க. கேக்காம பாத்துனு இருந்தா பாருங்க, அந்த ஆடி மாசம், அதுதான் இப்ப நெனச்சாலும் பயமா கீது."

செங்கம்மாளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவர் என் அலுவலக அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். படத்தையும் என் முகத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஊருக்கே தெரிஞ்சத எழுதறதுக்கு உனக்கு இன்னா லாபம்?" என்றார். லாபமில்லை என்றேன். அந்தப் பதிலும் அவருக்குத் திருப்தியாக இல்லை.

போன வாரம் கல்லூரி விடுமுறை. நர்மதா அம்மாவோடு கடையில் இருந்தாள். அம்மாவின் தொல்லை பொறுக்க முடியாமல் அப்பாவின் போனிலும் அம்மாவின் போனிலும் ஏதோ செய்து வைத்திருந்தாள். திரையில் வரைபடம் ஒன்று விரிந்தது. நடுவில் ஒரு நீலப் புள்ளி.

"இந்தாம்மா. நைனா எங்க இருக்காருன்னு இனிமே நீ கேக்கவே வேணாம். இதுலயே தெரியும். இப்ப மீஞ்சூரு தாண்டிக்கினு இருக்காரு."

"இது ஆரு சொல்றது?"

"மேல சாட்டிலைட்டு இருக்குதும்மா. அது பாத்து சொல்லுது."

"அதுக்கு உங்க நைனாவத் தெரியுமா?"

நர்மதா என்னைப் பார்த்தாள். நான் நண்டைப் பார்த்தேன். செங்கம்மாள் ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி மடியில் வைத்தார். கட்டை விரலால் அந்த நீலப் புள்ளியை அழுத்தித் தேய்த்தார். வரைபடம் நழுவி ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. புள்ளி அழியவில்லை. விரலை எடுத்து, நீலம் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.